கடற்கரை வீதியில் இரண்டு கதவுகள்

19 ஓகஸ்ட் 1992, புதன். வால்தம்ஸ்டோ, லண்டன்

காலையிலிருந்து தூறல். சாமான் கட்டு. புட்டு, கட்டைச் சம்பல் ஒரு போத்தல், பிளாஸ்க், ஸ்வெற்றர் இரண்டு, இவருடைய குடை. கார்ச் சில்லுக்கு வைக்கத் தேசிக்காய். மறக்கக்கூடாது.

நாளை அயர்லாந்து. வடக்குப் பக்கம் மட்டும். தெற்கே போக என் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமாம். இவரோடு பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்யும் பற்றிக் ஏற்றிவிட்ட பயணம் இது. பற்றிக்கின் அக்கா மோரீன் அங்கே கடலோரத்தில் அறை வாடகைக்கு விடுகிறா.

கலியாணம் முடித்து எட்டு மாதம். இவர் நல்லவர். வாய் திறக்காத நல்லவர். அலுமாரிக்கு மேலே இவருடைய தம்பியின் படம். என்ன நடந்தது என்று கேட்டால் "பிறகு சொல்லுறன்." அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

நேற்றும் கனடாவிலிருந்து அக்காவின் ரெலிபோன் கோல். "கல்லுப் பிள்ளையாரோட குடித்தனம் நடத்திறியோ? இஞ்ச வந்திடு. மிச்சத்தை நான் பாக்கிறன்." போய் வந்து பதில் சொல்வதாகச் சொன்னேன். மனதுக்குள் பாதிக்கு மேல் புறப்பட்டுவிட்டேன். எழுதவே கை கூசுகிறது.

20, வியாழன்

தேசிக்காய் நசித்துப் புறப்பாடு. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுசி யன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தா. இவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், கார் ஓட்டுவதற்கு.

பகல் முழுக்க இவர் பேசியவை: "பெல்ற்றைப் போடும்." "புட்டு இருக்கோ?" "உதுதான் ஸ்கொட்லாந்து."

கப்பலில் கடல் மோசம். சத்தி எடுத்தேன், பலமுறை. இவர் பின்னால் நின்று என் தலைமயிரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு கழுத்துப்பட்டியைக் கழற்றி அதால் என் கொண்டையைக் கட்டிவிட்டார். அப்போதும் ஒரு வார்த்தை இல்லை. கோபப்படவும் முடியவில்லை.

21, வெள்ளி

வெயில், காற்று. வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடமாட்டோம் என்று மோரீனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். தன் அம்மாவும் வெள்ளியில் இறைச்சி தொடமாட்டா என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு ரொட்டியை மலையாகக் குவித்தா.

கடற்கரை வீதி. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்கப்பால் கடல்தான். பச்சை, சாம்பல், ஒரு வளைவு திரும்பினால் நீலம். நடுவீதியில் செம்மறிகள். இவர் ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தார், அவை பெரியவர்கள் என்பதுபோல. நன்றாகத்தான் இருந்தது. தனியாக வந்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு நடந்தது. ஒழுங்காக எழுத வேண்டும்.

ஒரு வளைவில் பிரிட்டிஷ் ஆமி. இங்கேயும் ஒரு சண்டை நடக்கிறதென்று பற்றிக் சொல்லித்தான் இருந்தார். நாலைந்து பேர், துவக்குகள். ஒருவன் கையைக் காட்டினான். கார் நின்றது. நான் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்து, கதவைத் திறந்து, இறங்கி, நடக்கத் தொடங்கிவிட்டேன். ஊரில் அப்படித்தான். சென்றியில், ஆமி மறிக்கிற இடத்தில், எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்து நடந்து கடக்க வேண்டும். இங்கே யாரும் சொல்லவில்லை, கால் தானாக நடந்தது.

பக்கத்தில் பார்த்தால் வீதியின் மறு கரையில் இவரும் நடக்கிறார். தொப்பி கழற்றி, லைசன்ஸைத் தூக்கிப் பிடித்தபடி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பின்னால் நடுவீதியில் கார், இரண்டு கதவும் ஆவென்று திறந்தபடி. இவர் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

ஆமிக்காரப் பெடியன் கத்தினான். எங்களைவிட அவன்தான் பயந்திருந்தான். லைசன்ஸில் வால்தம்ஸ்டோவைக் கண்டதும் முகம் மாறியது. "நான் லெய்ற்றன்," என்றான். எங்களுக்குப் பக்கத்து ஊர். "இங்கே யாரும் இறங்கத் தேவையில்லை, மேடம்."

அடுத்த வளைவு தாண்டிக் காரை நிறுத்தினார்.

"நீர் ஏன் இறங்கினீர்?"

"நீங்கள் ஏன் இறங்கினனீங்கள்?"

இவர்தான் முதலில் சிரித்தார். இவருக்கு ஒரு தெத்திப்பல் இருப்பது இன்றைக்குத்தான் தெரியும். கண்ணீர் வரச் சிரித்தோம். திடீரென்று இவருடைய சிரிப்பு மட்டும் நின்றது. ஸ்ரியறிங்கைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தம்பியும் நானும் இப்பிடித்தான் பஸ்ஸால இறங்கி நடந்தனாங்கள். அவன் எனக்குப் பின்னால. திரும்பிப் பாத்தா அடிப்பாங்கள் எண்டு நான் பாக்கேல்லை. அங்கால போய் பஸ்ஸில ஏறிப் பாக்கிறன், அவன் இல்லை."

நான் கியர் மேலிருந்த கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இண்டைக்குத் திரும்பிப் பாத்தனான்," என்றார். "நீர் வந்துகொண்டிருந்தீர்."

அழுதேன். இவரும்தான். பிறகு கடலோரச் சுவரில் ஏறி இருந்து மிச்சப் புட்டைச் சாப்பிட்டோம்.

22, சனி

மழை. குடை காற்றோடு கடலுக்குப் போய்விட்டது. இவர் வாய் மூடவே இல்லை. தம்பி மாங்காய் களவெடுத்துப் பிடிபட்ட கதை இரண்டு தரம். இரண்டாம் தரமும் சிரித்தேன். கழுத்துப்பட்டி இன்னும் என் கொண்டையில்.

24, திங்கள். வால்தம்ஸ்டோ

உடுப்புத் தோய்ப்பு. தம்பியின் படத்தை அலுமாரியிலிருந்து இறக்கித் துடைத்து, முன்னறையில் மாட்டினார். சரிவாக இருந்தது. நான் நேராக்கினேன்.

பின்னேரம் அக்காவின் கோல்.

"எப்ப வாறாய்?"

"நான் வரேல்லை அக்கா."

"ஏனடி, அந்த மனுசன் வாய் திறந்தவரோ?"

"ஓம். ஆனா அதுக்கு முதலே, ரெண்டு பேரும் ஒண்டா இறங்கிப்போட்டம்."

"எங்கயிருந்து இறங்கினது? என்ன கதைக்கிறாய் நீ?"

பிறகு சொல்லுறன் என்றேன்.