‘மா’ போட்ட டம்ளர்

நைனா,

இன்று காலை என் மேஜைக்குக் கோப்பையில் டீ வந்தது. வெள்ளைப் பீங்கான் கோப்பை, அடியில் ஒரு தட்டு, தட்டின் ஓரத்தில் பிஸ்கட். போன வாரம்வரை டீ வண்டி பக்கத்தில் வசந்தாவோடு நின்று கண்ணாடி கிளாஸில் குடித்த அதே டீதான். அதே இஞ்சி வாசனை. இந்த வாரம் என்னை, ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் டிபார்ட்மென்டில் உதவி அதிகாரியாக ஆக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொஞ்ச நேரத்தில் வசந்தா வந்தாள். “மேடம், இதுல ஒரு கையெழுத்து வேணும்” என்றாள். பக்கத்து டைப்ரைட்டரில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவள். வேலை முடிந்ததும் ஆவடி ஸ்டேஷனில் எனக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு, “ஏறித் தொலைடி, வண்டி கெளம்புது” என்று பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறவள். கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காராமலே போய்விட்டாள்.

டீயில் ஆடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கோப்பையை நான் பார்த்ததில்லை. ஆனால் இப்படித்தான் இருந்திருக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் பம்ப் செய்யும் கம்பெனியில் நீ இரும்பு கடையும் லேத் ஓட்டினாய். கோவில்பதாகையில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கிய குடும்பத்தில், மாதம் பிறந்தால் சம்பளம் என்று வாங்கிய முதல் ஆள் நீ. பக்கத்து லேத்தில் ஏழுமலை மாமா. நீ அவரை மாமே என்பாய், அவர் உன்னை மாமே என்பார். உறவெல்லாம் ஒன்றுமில்லை. நான் அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்ததே அந்தப் பேச்சைக் கேட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வயர்கூடையில் மீனோடு சைக்கிளில் வந்து இறங்குவார். “இன்னா மாமே, பொழுது விடிஞ்சி எவ்ளோ நேரமாவுது, இன்னும் பல்லு வெளக்கலயா?” நீ வேப்பங்குச்சியைக் கடித்தபடியே, “ஊட்ல சோறு போடலன்னா நேரா சொல்லுடா, மீனு வாங்கியாந்து இன்னாத்துக்கு நாடகம்?” என்பாய். அம்மா உள்ளிருந்து, “ரெண்டும் ஒரே ரகம், எதுக்கு வாய் அதிகம்னுதான் தெரியல” என்பாள். மீன் குழம்பாகும்வரை லேத்தைப் பற்றித்தான் பேசுவீர்கள். எந்த மெஷின் எப்படி முனகுகிறது, எந்தக் கம்பி கத்திக்கு அடங்க மாட்டேன் என்கிறது. வீட்டு மாட்டைப் பற்றிப் பேசுவதைப் போல.

உங்கள் கம்பெனியில் டீ குடிக்க அவரவர் டம்ளரைக் கொண்டுபோக வேண்டும். டீ வண்டி வந்து நிற்கும் சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டி வைத்திருப்பீர்கள். எது யாருடையது என்று தெரிவதற்கு ஆளுக்கொரு அடையாளம். ஏழுமலை மாமா இரும்பில் புள்ளி குத்துகிற உளியை வைத்து உன் டம்ளரில் ‘மா’ என்று குத்தினாராம். மாமேவுக்கு மா. அதைப் பார்த்து நீயும் அவர் டம்ளரில் ‘மா’ என்றே குத்திவிட்டாய்.

“அப்ப எது யாருதுன்னு எப்டிக் கண்டுபிடிப்ப?” என்று கேட்டேன். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

“எது கைக்கு வருதோ அதுல குடிக்கறது” என்றாய். அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பது போல.

எண்பதுகளின் நடுவில் உன்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அதற்காக அம்மா வாராவாரம் எலுமிச்சம்பழத்தோடு மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போய் வந்தாள். வேண்டுதல் பலித்ததும் தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். இஸ்திரி போட்ட சட்டையோடு நீ சைக்கிள் ஏறியதை வாசலில் நின்று எல்லோரும் பார்த்தோம்.

அன்று சாயங்காலம் நீ சொன்னது வரி மாறாமல் நினைவிருக்கிறது. “கேன்டீன் கோபாலு டீய கோப்பையில ஊத்தி, தட்டு வச்சி, மேஜைக்கே கொண்டாந்துட்டான். ஆசையா நிக்கிறான். வேணாம்னு சொன்னா மொகம் வாடிடுமேன்னு குடிச்சேன்.” சொல்லிவிட்டு, “கோப்பையில குடிச்சா டீ மாதிரியே இல்ல” என்று சிரித்தாய். நாங்களும் சிரித்தோம்.

மறுநாள் நீ டீ வண்டிக்கு எழுந்து போயிருக்கிறாய். ஆணியிலிருந்து டம்ளரை எடுத்திருக்கிறாய். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டிருக்கிறார்கள். “சார் வராரு, வழி வுடு” என்று முதலில் சொன்னது ஏழுமலை மாமா. மற்றவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். “நீ மொதல்ல வாங்கிக்க சார்.” “சாருக்கு சக்கர தூக்கலா போடு.” அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பேச்சும் சிரிப்பும் சட்டென்று நின்றுபோனதாம். நீ டீயை வாங்கிக் குடித்தாய். டம்ளரைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டு மேஜைக்குத் திரும்பினாய். அதற்கப்புறம் மேஜையில் இருந்தவரை நீ அந்த வண்டிப் பக்கம் போகவில்லை. அம்மாவிடம், “எனுக்கு இடமில்ல அங்க” என்று மட்டும் சொன்னாய். அது உன் கோபமா வருத்தமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா கோபம் என்று எடுத்துக்கொண்டு, “சாருன்னா சாருதான், அதுக்குத்தான இவ்ளோ கஷ்டம்?” என்றாள்.

தபால் வழியில் நான் உளவியல் படிக்க ஆரம்பித்தபோது இந்த இடத்தைத்தான் புத்தகங்களில் தேடினேன். ஒரு மனிதன் எப்படி வேலை செய்வான் என்பதில் கூலிக்கும் பயத்துக்கும் எவ்வளவு பங்கு உண்டோ, பக்கத்தில் நிற்பவன் அவனை யாராக நினைக்கிறான் என்பதற்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று படித்தேன். ஒரு பதவியைக் கொடுக்கும்போது அதை வாங்கிக்கொள்கிறவனோடு சேர்ந்து சுற்றியிருப்பவர்களும் மாறிப்போகிறார்கள் என்றும் படித்தேன். எல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். எனக்குத்தான் அது தாமதமாகக் கிடைத்தது. நீ வேப்பங்குச்சியோடு எதிரில் உட்கார்ந்திருக்கும்போது படித்துக் காட்டியிருக்கலாம்.

நீ லேத்தில் இருந்தவரை உங்கள் மெஷின் ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. மெஷினில் சத்தம் கொஞ்சம் மாறினாலும், “மாமே, இங்க வா, இதக் கேளு” என்று குரல் வரும். நீ போய்க் காதை வைத்துக் கேட்பாய். பேரிங்கா, பெல்ட்டா என்று இரண்டு பேரும் சண்டை போடுவீர்கள், அதற்குள் கோளாறு பிடிபட்டுவிடும். அதை யாரும் வேலை என்று நினைத்ததில்லை. நீ நாற்காலிக்குப் போன பிறகு யாரும் உன்னை அப்படிக் கூப்பிடவில்லை. சாரை எப்படி “இங்க வா” என்பது?

ஏழுமலை மாமாவின் லேத் முனக ஆரம்பித்தது. அவருக்குக் கேட்டது. நீ பழைய மாமேவாக இருந்தால் ஒரு சத்தம் போட்டிருப்பார். அது சாரின் பொறுப்பு என்று விட்டுவிட்டார். பம்புக்குப் போகவேண்டிய ஷாஃப்ட்டுகள் அளவு பிசகி மொத்தமாக ரிஜெக்ட் ஆயின. மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு, ஏழுமலை மேல் மெமோ எழுதிக் கொடு என்றார். அவர் மேல் முன்பே ஒரு மெமோ இருந்தது. இதையும் கொடுத்தால் வேலை போய்விடும்.

அன்று நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை. “அவன் மேல எப்டி எழுதுவேன்?” என்றாய்.

அம்மா, “எழுதலன்னா உன் மேல எழுதுவாங்க” என்றாள்.

மறுநாள் நீ போய், கவனிக்காதது என் தப்பு, என்னை மறுபடி லேத்துக்கே அனுப்பிவிடுங்கள் என்றாய். மேனேஜர் முதலில் சிரித்தாராம். அப்புறம், “இந்த நாற்காலிக்கு எத்தினி பேர் காத்துக்கினு கீறாங்க தெரியுமா?” என்றாராம். நீ சொன்ன பதிலை நான் உன்னைப் போலவே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். “அவங்கள்ல ஒருத்தர ஒக்கார வைங்க சார்.”

அம்மா மாங்காட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். “தெருவுக்கே பொங்க குட்த்தேனே” என்று அழுதாள். நீயோ, மேஜையை விட்டு இறங்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தாய்.

ஆகவில்லை. பழைய லேத்தின் முன் போய் நின்றாய். பக்கத்து லேத்தில் அதே ஏழுமலை மாமா. “வாங்க சார்” என்றார். டீ வண்டி வந்தது. கோப்பை வரவில்லை. ஆனால் வரிசையில் நின்றவர்கள் விலகி உனக்கு வழிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நீ எத்தனையோ வருஷம் அங்கே வேலை செய்தாய். ஒரு நாளும் கணக்குக் குறையவில்லை, ஒரு ஷாஃப்ட்டும் பிசகவில்லை. ஆனால் லேத்தைப் பற்றி வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் மணி கேட்பதும் நின்றுபோனது. மாமா சார் என்று கூப்பிடுவதைப் பற்றி, “கிண்டல் பண்றான், பண்ணிட்டுப் போறான்” என்று ஒரே ஒரு முறை சொன்னாய்.

போன வருஷம் நெஞ்சு வலி என்று படுத்தவன் நீ எழுந்திருக்கவில்லை. உன்னைக் கிடத்தியிருந்த இடத்துக்கு ஏழுமலை மாமா ஷிஃப்ட் சட்டையோடு ஓடிவந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உன் கால்மாட்டில் விழுந்தார். “மாமே, எய்ந்திரு மாமே. யாருகிட்ட மாமே கோவம்?” என்று கதறினார். அந்தச் சொல் வீட்டுக்குள் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. அம்மாவும் அழுகையை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் கேட்டேன். “ஏன் மாமா, கீழ எறங்கி வந்த பிறகும் சார் சாருன்னு குத்திட்டே இருந்தீங்க?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றுமே புரியாத திகைப்பு இருந்தது. “குத்தினேனா? எனுக்காக எறங்கி வந்த ஆளுமா அவன். என் வேலய காப்பாத்தினவன். அவனப் போயி மாமேன்னு கூப்ட வாய் வருமா? மருவாதியாத்தான் கூப்டேன்.” அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மொத தபாதான் கோவத்துல சொன்னேன். சூப்பர்வைசர் ஆன அன்னிக்கி டீ வண்டி வந்துச்சி. நா ரெண்டு டம்ளரயும் கைல புட்ச்சிகினு நிக்கிறேன். வருவான், வருவான்னு பாக்கறேன். உன் நைனா அங்க கோப்பையில குடிச்சிகினு கீறான்.”

கேன்டீன் கோபாலின் முகம் வாடிவிடக் கூடாது என்றுதான் நீ குடித்தாய் என்று சொன்னேன். அவர் வேட்டி முனையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உனக்கு அவர் காத்திருந்தது தெரியாது. அவருக்கு நீ எதற்காகக் குடித்தாய் என்பது தெரியாது. கிண்டல் என்று நீ கேட்ட சொல்லை அவர் மரியாதை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பக்கத்து மெஷினில், கையை நீட்டினால் தொடும் தூரத்தில், இரண்டு பேரும் அத்தனை வருஷம் நின்றீர்கள். “ஏன்டா அப்படிக் கூப்பிடுற?” என்று நீ கேட்டிருந்தால் போதும். “ஏன்டா வரல?” என்று அவர் கேட்டிருந்தால் போதும். எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான் நைனா. உன்னை நெஞ்சு வலிக்குக் கொடுத்ததைக்கூட எப்படியோ ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

போகும்போது சட்டைப் பையிலிருந்து டம்ளரை எடுத்து என் கையில் வைத்தார். “ஆணியில ரெண்டும் மாட்டிகினு இருந்துச்சி. எது அவன்து, எது என்துன்னு எனுக்கே தெர்ல. ஒண்ணு நீ வச்சிக்க.”

அதை நான் அலமாரியில் புத்தகங்களுக்கு நடுவில் வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. இன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் தங்கியிருக்கும் கொரட்டூர் ரூமுக்குப் போய் எடுத்துவந்தேன். சாயங்கால டீ வந்ததும் மேஜையிலிருந்து எழுந்து வண்டியிடம் போனேன். நினைத்தது போலவே பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள், விலகினார்கள். “மேடம், கோப்பை வரலயா?” என்றாள் வசந்தா.

“வந்துச்சி. அதுல குடிச்சா டீ மாதிரி இல்ல” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வசந்தா என் டம்ளரைப் பார்த்தாள். “இன்னா மேடம் இது, மான்னு போட்ருக்கு?”

“அப்புறம் சொல்றேன். ட்ரெயின்ல எனக்கு இடம் பிடிச்சு வை.”

“சரி மேடம்” என்றாள்.

ஆறு மணி வண்டியில் இடம் பிடித்து வைத்திருந்தாள். கத்தவில்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பேசாமல் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மேஜையிலிருந்து எழுந்து நீ டீ வண்டிக்கு ஒரே ஒரு நாள்தான் போனாய் நைனா. அந்த ஒரு நாளில் கேட்டதை வைத்து எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டாய். நான் நாளைக்கும் போவேன். அவர்கள் விலகுவார்கள். அதற்கடுத்த நாளும் போவேன். இந்த டம்ளர் உன்னுடையதா அவருடையதா என்று எனக்குத் தெரியாது. கைக்கு வந்தது இதுதான்.