மூன்று மணி நேரத்துக்குள் ஒரு கரை

மார்ச் 4, செவ்வாய்

அந்த வேன் திரும்பி வந்துவிட்டது. போன வாரம் ஓட்டிப் பார்த்து, காதைக் கொடுத்துக் கேட்டு, "கியர்பாக்ஸ்" என்று தீர்ப்புச் சொன்னவன் நான். கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டியும் அதே இரைச்சல். முதலாளி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "இடப்பக்கம் முன் சக்கரத்துல பேரிங் போயிருக்கு, டாக்டர்" என்றார். ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் நான் டாக்டர்தான். இருபத்திரண்டு வருடமாக வண்டியின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்வதால் வந்த பெயர். பேரிங் சத்தத்தை நேற்று சேர்ந்தவன்கூடச் சொல்லிவிடுவான்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். ஜனவரியிலிருந்து என் இடக் காதில் ஒரு விசில். பகல், இரவு எந்நேரமும். நிற்கவே இல்லை. காதை வைத்துப் பிழைக்கிறவன் இதை யாரிடம் போய்ச் சொல்வான்?

மார்ச் 6, வியாழன்

எஞ்சின் சூடேறினால் அணைத்து ஆறவிடுகிறோம். காதுக்கும் அதுதான் வைத்தியம். ஒரு சத்தமும் இல்லாத இடத்தில் ஒரு ராத்திரி ஆறவிட்டால் சரியாகிவிடும். வீட்டில் அது நடக்காது. கீழே தச்சுப் பட்டறை, பின்னால் பள்ளிக்கூட மைதானம். ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ பார்த்துக் கூடாரம் போட வேண்டும். சனிக்கிழமை மதியம் கிளம்பி ஞாயிறு திரும்ப வேண்டுமானால் மூன்று மணி நேர ஓட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

மகள் வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டுக் கொடுத்தாள். உள்ளே ஒன்பது இடம். எட்டாம் எண்ணை நானே அடித்துவிட்டேன். அங்கே தடுப்பணை இருக்கிறதாம், தண்ணீர் விழுந்துகொண்டே இருக்குமாம். நமக்கு எதற்கு அந்த இரைச்சல்?

"திடீர்னு என்ன ஏரிப் பைத்தியம்?" என்றாள் மனைவி.

"சும்மாதான். எல்லாரும் சேந்து வெளிய போயி எவ்வளவு நாளாச்சு?"

அவள் முகம் மலர்ந்தது. எனக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது.

மார்ச் 9, ஞாயிறு

முதல் ஏரி. "ஆள் நடமாட்டமே இருக்காது" என்று எவனோ எழுதியதை நம்பி ஊரே வந்திருந்தது. முப்பது கூடாரம், நாலு ஸ்பீக்கர், ஒரு ஜெனரேட்டர். அதற்கு ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டும். என் கெட்ட காதுக்கே தெரிந்தது.

திரும்பும்போது, "கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமா?" என்று மனைவி என் எதிரே வந்து நின்று கேட்டாள். லைசென்ஸ் எடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. "வேணாம், நீ கிளட்ச்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டுவ" என்றேன். பக்கத்து சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். வாய் ஓயாமல் பேசுகிறவள், இப்போதெல்லாம் பேச்சே குறைந்துவிட்டது. வயசாகிறதோ என்னவோ.

மார்ச் 16, ஞாயிறு

ஆறு. அழகான ஆறு. மேலே ரயில் பாலம்! பதினான்கு ரயில்.

மார்ச் 20, வியாழன்

சளி பிடித்திருக்கிறது என்று பொய் சொல்லி இரண்டு வண்டிகளை அடுத்தவர் தலையில் கட்டினேன். இப்படி எத்தனை நாள் ஓட்ட முடியும்? பயமாக இருக்கிறது. அப்பட்டமான பயம்.

மார்ச் 23, ஞாயிறு

மழை. கூடாரம் ஒழுகியது. மகள் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 30, ஞாயிறு

ஆறாம் எண் ஏரி. இரண்டு மணி ஐம்பது நிமிடம், கடைசி அரை மணி நேரம் மண் பாதை. ஆள் இல்லை, படகு இல்லை, பறவைகூட இல்லை. கூடாரம் போட்டு, முட்டை அவித்துச் சாப்பிட்டுவிட்டு, மகள் தூங்கியதும் தண்ணீரோரம் போய் உட்கார்ந்தேன். நான் தேடிய அமைதி அதுதான். அப்பழுக்கில்லாத அமைதி.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. சுற்றிலும் வேறு சத்தம் இல்லாததால் விசில் மட்டுமே இருந்தது. தலை முழுக்க விசில். எழுந்து நடந்தேன். அது கூடவே வந்தது. இது ஆறுகிற சூடு இல்லை, இனி ஆறவே ஆறாது என்று அப்போதுதான் புரிந்தது.

யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். மனைவி. அழுதிருந்தாள்.

"எத்தனை தடவ கூப்பிடுறது? இங்க வந்துமா?"

"கேக்கலம்மா."

"கேக்கலையா, கேக்கப் பிடிக்கலையா?"

சொல்லிவிட்டேன். விசில், வேன், சளிப் பொய், ஏரிப் பைத்தியம், எல்லாவற்றையும். பேசி முடிக்கும்வரை அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்மேல கோவம் இல்லையா?"

"கோவமா? எதுக்கு?"

"மூணு மாசமா கார்ல நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வருவேன். நீங்க ரோட்டையே பாத்துட்டு வருவீங்க. என்ன தப்பு பண்ணேன்னு கேட்டேன். அதுக்கும் பதிலில்ல. சரி, செவிடன் காதுல ஊதின சங்குதான்னு விட்டுட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டாள். நான்தான் முதலில் சிரித்தேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மகள் எழுந்து வந்து, "பாம்பா?" என்று கேட்டாள்.

வண்டி ஓட்டும்போது அவள் எப்போதும் என் இடப்பக்கம். இது எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று? சத்தத்தை வைத்து ஊர் வண்டிக்கெல்லாம் நோய் சொல்கிறவன்!

ஏப்ரல் 1, செவ்வாய்

காது டாக்டர். நிஜ டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். இடக் காதில் நரம்பு தேய்ந்திருக்கிறது, தேய்ந்தது தேய்ந்ததுதான். வலது நன்றாக இருக்கிறது. ஆபத்தாக ஒன்றுமில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

"ஒரேயடியா அமைதியா இருக்கிற இடத்துல உக்காராதீங்க. ஃபேன், ரேடியோ, ஏதாவது லேசா ஓடட்டும், விசில் அதுல அமுங்கிடும். ஆமா, இவ்வளவு நாளா வராம என்ன பண்ணீங்க?"

"அமைதியான இடம் தேடிக்கிட்டிருந்தார்" என்றாள் மனைவி. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஏப்ரல் 2, புதன்

முதலாளியிடம் சொன்னேன்.

"ரெண்டு மாசமா தெரியும்" என்றார். "இடப்பக்கம் நின்னு எது சொன்னாலும் தலையாட்டுறீங்க. அப்படித்தானே ஸ்டோர் ரூமை ஒழிக்க ஒத்துக்கிட்டீங்க?"

"நான் ஒத்துக்கிட்டேனா?"

"சந்தோஷமா. நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன். இன்னொரு காது இருக்குல்ல? ஒரு தடவ நீங்க ஓட்டிப் பாருங்க. இன்னொரு தடவ நான் ஓட்டுறேன், பக்கத்து சீட்டுல உக்காந்து கேளுங்க. ரெண்டு சீட்டுலருந்தும் வலக் காதுலயே கேட்ட மாதிரி ஆச்சு."

மூன்று மாதப் பயம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

ஏப்ரல் 5, சனி

இன்று ஒரு காரை அப்படிப் பார்த்தோம். முதலாளி ஓட்டினார், நான் பக்கத்தில். "பெல்ட் டென்ஷனர்" என்றேன். திறந்து பார்த்தால் அதேதான்! டாக்டர் பட்டம் தப்பியது.

வழியெல்லாம் அவர் தன் மூட்டுவலியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை தப்பாமல் என் வலக் காதில் விழுந்தது. இறங்கிய பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்று மதியம் கார்ச் சாவியை மனைவியிடம் நீட்டினேன். "உடம்புக்கு என்ன?" என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

எட்டாம் எண். நான் அடித்துப் போட்டிருந்த அந்தத் தடுப்பணை. இரண்டு மணி நேரம்தான். ஆளுயரத்திலிருந்து தண்ணீர் ஒரே சீராக விழுகிறது. அதற்குப் பக்கத்தில் கூடாரம் போட்டோம். விசில் போய்விடவில்லை. தேடிப் பார்த்தால் இருக்கிறது, தேடாவிட்டால் தண்ணீரோடு சேர்ந்துகொள்கிறது. படுத்தது தெரியும். அடுத்துத் தெரிந்தது மகள் என் மூக்கில் புல்லை விட்டு ஆட்டியதுதான். வெயில் ஏறியிருந்தது. ஜனவரிக்குப் பிறகு இப்படித் தூங்கியதில்லை.

திரும்பும்போதும் அவள்தான் ஓட்டினாள். கிளட்ச்சில் காலை வைத்தபடியேதான் ஓட்டுகிறாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். அவள் தங்கை வீடு மாறியது, மகளின் கணக்கு டீச்சர், பிப்ரவரியில் என்னிடம் சொல்லி நான் சிரிக்காத ஒரு ஜோக். இப்போது சிரித்தேன்.

எங்கள் தெரு வருவதற்குச் சற்று முன்னால் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"என்னாச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. எல்லாம் சொல்லி முடிச்சிட்டேன்."

"அந்த ஜோக்கை இன்னொரு தடவ சொல்லேன்."

பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெருவுக்குள் திருப்பாமல் நேராக ஓட்டினாள்.