மூன்று தண்ணீரில் கழுவிய மல்லாட்டை

அக்கா,

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று பந்திக்கு வேர்க்கடலைச் சட்னி அரைக்க உன் மருமகள் மல்லாட்டை வறுத்தாள். வாசனை கூடத்துக்கு வந்ததும் நான் எழுந்து பந்தலுக்குப் போய்விட்டேன். அங்கே உன் வல்லத்து உறவுக்காரி ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"விதைக்கி மருந்து போட்ட மல்லாட்டைய, திங்கறதுன்னு ஓரகத்திகிட்ட காட்டிட்டு எங்க ஊருக்கு வந்துடுச்சி. பெத்த பொண்ணு கை அதுலதான் போச்சி. இன்னா பண்றது, மறதி."

ஏறக்குறைய அறுபது வருஷமாக இதையே கேட்கிறேன். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நீ. உனக்கு ஓரகத்தியாக அந்த வீட்டில் நுழைந்த நாளிலிருந்து உன்மேல் எனக்கு எத்தனையோ கோபம் உண்டு. மற்றவை எல்லாம் தீர்ந்துவிட்டன. இது தீரவில்லை.

கல்யாணமாகி மூன்று வருஷம் எனக்கு அம்மியையும் தண்ணீர்க் குடத்தையும் தவிர வேறெதையும் நீ கொடுக்கவில்லை. கரண்டி உன் கையிலேயே இருந்தது. உன் அம்மா படுத்த படுக்கையானதாக வல்லத்திலிருந்து ஆள் வந்த அன்றுதான் அதை என்னிடம் கொடுத்தாய். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டாய். பூங்காவனத்துக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அவளை விட்டுவிட்டுப் போனாய். அப்போது அவளுக்கு ஆறு வயது.

"ஒரு வாரம். இருக்கறத வெச்சி ஓட்டு. என் ரூம்புல இருக்கற குண்டான்ல மட்டும் கை வெக்காத."

சொல்லிவிட்டுத்தான் போனாய். காட்டிய பொருள் மாறவில்லை. நீ எதையும் மறக்கவுமில்லை.

அந்தக் குண்டானில் விதைப்புக்கு உரித்து வைத்த மல்லாட்டை இருந்தது. விவசாய ஆபீஸ் கிராம சேவக் கொடுத்த சிவப்பு மருந்துத் தூளை அதில் போட்டுக் குலுக்கி வைத்திருந்தோம். மழை பெய்தால் விதைக்க வேண்டும். ஆடி பாதி போயும் ராஜகிரி மலைக்கு மேல் ஒரு துண்டு மேகம் நிற்கவில்லை. ரேஷனில் அரிசியைக் குறைத்துவிட்டு, நமக்கு ஆக்கத் தெரியாத கோதுமையைக் கொடுத்தார்கள். ஆண்கள் மூன்று பேரும் கிணறு ஆழப்படுத்திவிட்டு வந்து, கூழைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள்.

தூள் வந்த பொட்டலத்தில் என்ன அச்சடித்திருந்தது என்று அந்த வீட்டுப் பெண்களில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மளிகை சுற்றி வந்த தாள்களில் எழுத்துக் கூட்டி நானே கற்றுக்கொண்டது. 'நஞ்சு' என்று போட்டிருந்தது. படித்தேன். நஞ்சு தூளில்தான் இருக்கிறது, கொட்டையில் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டு, உன் குண்டானிலிருந்து அள்ளிக் கழுவினேன். முதல் தண்ணீர் ரத்தம் போல வந்தது. இரண்டாவது வெளுத்தது. மூன்றாவது தண்ணீரில் என் உள்ளங்கை ரேகை தெரிந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

அன்று கேழ்வரகுக் களியும், மல்லாட்டை வறுத்து அரைத்துவிட்ட கத்திரிக்காய்க் குழம்பும். மாமனார் இரண்டாம் தடவை களி கேட்டார். என் வீட்டுக்காரர் சட்டியை எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி, நம்ம வூட்ல கல்யாணமா?"

"சாப்புடுங்க. உங்க அண்ணிதான் ஆக்குவாங்களா?"

பெரியவர், உன் புருஷன், யாரையும் புகழாதவர். "சின்னதுக்குக் கைப்பக்குவம் இருக்குது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அக்கா அந்த வாரம் முழுக்க ஆக்கினேன். மறுநாள் கம்பஞ்சோறும் துவையலும். அதற்கடுத்த நாள் கோதுமையைக் குத்தி அடை தட்டி, உள்ளே மல்லாட்டையை நொறுக்கிப் போட்டேன். தினமும் பூங்காவனத்துக்கு மட்டும் வெல்லம் சேர்த்து உருண்டை. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு, வந்ததும் இரண்டு. அவள் கன்னம் பூசினாற்போல ஆனது என்று எனக்குத் தோன்றியது.

கழுவிய தண்ணீரை முருங்கை மரத்தடியில் கொட்டிவந்தேன். வியாழக்கிழமை காலை ஒரு கோழி அங்கே கழுத்தைத் திருப்பிக்கொண்டு வட்டம் போட்டது. மத்தியானம் செத்தது. கோழிக்குக் கழிச்சல் நோய் என்றேன். வெள்ளிக்கிழமை இன்னொன்று கால் பின்னிக்கொண்டு நின்றது. அது விழுவதற்கு முன் அறுத்துக் குழம்பு வைத்தேன். எல்லாரும் சாப்பிட்டோம். அன்று மாமனார் வெற்றிலை போடும்போது, "நாக்கு இன்னாமோ மரத்தாப்பல இருக்குது" என்றார். சுண்ணாம்பு அதிகம் என்றேன். எதற்கும் என்னிடம் பதில் இருந்தது.

சனிக்கிழமை பூங்காவனம் கையை உதறிக்கொண்டே வந்தாள். "சின்னம்மா, கையில எறும்பு ஊருது."

எறும்பு எதுவும் இல்லை. ஊதிவிட்டேன். உருண்டையை நீட்டினேன். அவள் விரல்கள் அதைச் சரியாகப் பிடிக்காமல் நழுவவிட்டன. துடைத்து நானே ஊட்டினேன். அதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. கை நழுவியதைப் பார்த்த பிறகும் ஊட்டினேன்.

மறுநாள் நீ வந்தாய். நேராக உன் அறைக்குப் போனாய். குண்டானில் அடியில்தான் கொஞ்சம் கிடந்தது. வெளியே வந்து என் கையை இழுத்துப் பார்த்தாய். மருதாணி வைத்தது போல நகக்கண்ணெல்லாம் சிவப்பு. குண்டானைத் தூக்கிக் கொல்லைக்குப் போய், பள்ளம் தோண்டிக் கொட்டி மூடினாய். திரும்பி வந்து, "யாரு யாரு துன்னது?" என்று மட்டும் கேட்டாய்.

"எல்லாரும்."

பெரியவர்களுக்கு மரத்ததோடு போயிற்று; தினமும் உருண்டையும் தின்ற பூங்காவனத்துக்குப் பத்து நாளில் நடை தடுமாறியது. எதிரில் நிற்பவர் தெரிந்தார், பக்கத்தில் நிற்பவர் தெரியவில்லை. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"எம் மேல தப்பு சார். விதைக்கி வெச்சதையும் திங்கறதையும் ஒரே மாதிரி குண்டான்ல வெச்சிருந்தேன். ஊருக்குப் போற அவசரத்துல இவகிட்ட மாத்திக் காட்டிட்டேன்."

பெரியவர் அங்கேயே உன்னை அறைந்தார். நீ முந்தானையைச் சரிசெய்துகொண்டாய். தாழ்வாரத்தில் உன்னை மடக்கிக் கேட்டேன், ஏன் பொய் சொன்னாய் என்று.

"உனக்கு இன்னும் ஒரு புள்ள இல்ல. நெசத்த சொன்னா நாளைக்கே உன்ன வண்டியேத்தி உங்கூருக்கு அனுப்பிடுவாங்க. என்னைய எங்க அனுப்புவாங்க? ரெண்டு பெத்தவ."

"நான் கேட்டனா உன்ன?"

"கேக்கல. வாய மூடு."

நான் மூடவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமனார் முன்னால் நின்று, கழுவியது நான், படித்துவிட்டுத்தான் கழுவினேன் என்று சொன்னேன். நீ முகத்தைத் திருப்பாமலே, "என்னைய காப்பாத்தப் பாக்குது மாமா, பாவம்" என்றாய். நம்பிவிட்டார்கள். ஓரகத்தி பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வந்தவள் என்று ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்தார்கள். பெரியவர் ஒரு வருஷம் உன்னோடு பேசவில்லை. பூங்காவனத்தின் கை இன்றுவரை நடுங்குகிறது. அவளால் ஒரு கோலக் கோடு நேராக இழுக்க முடிந்ததில்லை. நஞ்சை ஊட்டியவள் நான். நல்ல பெயரும் எனக்கு. எனக்குப் பிள்ளைகள் பிறந்ததும், அந்த வீட்டிலேயே நான் நிலைத்ததும் உன்னால்தான். அதற்காக நன்றி சொல்வேன் என்று நீ எதிர்பார்த்திருந்தால், சொல்ல மாட்டேன். தப்பு என்னுடையது. அதை என்னிடமிருந்து பிடுங்க உனக்கு உரிமை இல்லை.

இன்னொன்றும் செய்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், கரண்டியை என் கையில் கொடுத்து, "இனிமே நீயே ஆக்கு" என்றாய். நான் ஆக்கி இறக்கியதும் நீ முதலில் ஒரு கவளம் எடுத்துச் சாப்பிடுவாய். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாய். பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிடுவாய். தினமும். என்ன பாசம் என்றார்கள். எனக்குத் தெரியும்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "இன்னாக்கா, பயமா?"

மென்று முடித்துவிட்டு, "பசிக்குதுடி" என்றாய்.

போன மாதம் நீ விழுங்க முடியாமல் படுக்கும்வரை அது நிற்கவில்லை.

இப்போது நான் ஆக்கியதை நானே முதலில் ஒரு கவளம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "சீக்கிரம் போடும்மா" என்று என் மகன் கத்துகிறான். நான் அசைவதில்லை. நாளைக்குப் பூங்காவனம் வருகிறாள். இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டப்போகிறேன். இந்தத் தடவை குறுக்கே பேச நீ இல்லை. படித்து முடித்த பிறகு உலை வைப்பேன். சோறு வடித்து, முதல் கவளத்தைத் தின்று, நீ காத்திருந்த நேரம் காத்திருப்பேன். அதன் பிறகு அவளைக் கூப்பிடுவேன். தட்டை நீட்டுகிறாளா என்று பார்க்க வேண்டும்.