பிஸ்கட் டின்னில் ஒரு டிலே பெடல்

அன்புள்ள சங்கரிக்கு,

பெடலில் கிட்டார் ஒயரைச் செருகும் இரும்பு வளையத்தில் என் விரல் பட்டதும் இரைச்சல் குறைந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

கிட்டார் ஒலியை எதிரொலிக்க வைக்க உனக்குச் செய்து கொடுத்த டிலே பெடலை அழகுக்காக பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்திருந்தேன். பிளாஸ்டிக் வெளி இரைச்சலைத் தடுக்காது. எதிரொலி ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அதையும் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறது. இப்போது எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னுக்கு மாற்றி, எர்த் ஒயரை டின்னோடு பற்றவைத்துவிட்டேன். ஐந்தாவது எதிரொலிகூடத் தெளிவாகக் கேட்கிறது.

கொச்சங்காடிக் கச்சேரியில் உங்கள் குழுவை நடத்தும் வெங்கிட்டு அண்ணன், "கிட்டார் வாசிக்கிறியா, மிக்ஸி ஓட்டுறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். "என் கைதான் சரியில்ல அண்ணா" என்றாய். நான் கடைசி வரிசையில்தான் இருந்தேன். அவர் உன்னைக் குழுவிலிருந்து நிறுத்திய பிறகும், எனக்குப் பெடல் செய்யும் வேலை வராமல் போய்விடும் என்று நீ என் பெயரைச் சொல்லவில்லை. இந்த நன்றியை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்று காலை சாயாக்கடை வாசலில் அவர் நின்றார். பக்கத்தில் போய், "அந்தப் பெடலைச் செஞ்சது நான்தான். சங்கரி கையில தப்பில்ல" என்று சொல்லி டின்னை நீட்டினேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு வரை உன் பக்கத்தில் உட்கார்ந்தவள்