மீன் நின்ற தண்ணீர்

என்னோடு வாதாடாமல் ஒரு நாளும் சாப்பிட்டுக் கை கழுவாத நாகமுத்து மச்சானுக்கு,

நீ வென்றுவிட்டாய். இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல ஏலாமல் போனதால்தான் பத்திரிகைக்காரரிடம் கொடுத்து அச்சடிக்கச் சொல்கிறேன். கரம்பொன் முழுக்க வாசிக்கட்டும். நீ படி வைத்து வெட்டிய குடிதண்ணீர்த் துரவில் இன்றுவரை ஒரு மீனும் இல்லை. சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் நம்பாத வியாபாரி நான் என்று நக்கலடிப்பாயே, தொட்டுப் பார்த்துவிட்டேன் மச்சான்! சொல்லாவிட்டால் இருப்புக்கொள்ளாது.

நீ போனபின் வந்த மாரி மழையோடு சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் தீவுக்கு வந்து கிணறு கிணறாக எட்டிப் பார்த்தார். நுளம்பு கடித்துக் காய்ச்சல் பரவுகிறதாம். தேங்கி நிற்கும் தண்ணீருக்கு மண்ணெண்ணெய், குடிதண்ணீருக்கு நுளம்புப் புழுவைத் தின்னும் மீன்குஞ்சு. மண்ணெண்ணெய் விற்கிறவன் நான்தான், எனக்கென்ன நட்டம்? ஆனால் உன் துரவில் மீன் விடவேண்டும், இல்லையென்றால் அதை மூடவேண்டும் என்று அவர் சொன்னபோது என் தங்கச்சி பாக்கியம் வேலிப்படலையை மறித்து நின்றுவிட்டாள்.

உனக்குத் தெரியும், நீ போன நாளோடு அவள் மீன், மச்சம் தொடுவதில்லை. மச்சச் சட்டியெல்லாம் கோடிப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கிறது.

"மீன் மோண்ட தண்ணியையோ ஐயா நான் குடிக்கிறது? அவர் தன்ரை கையாலை வெட்டின துரவு. மூடுறதெண்டால் என்னையும் உள்ளுக்கை விட்டு மூடுங்கோ."

அவளுக்கு மட்டுமா? சுற்றியிருக்கிற கிணறெல்லாம் உவர். அந்த ஒழுங்கையில் அத்தனை பேரும் குடம் எடுத்து வருவது உன் துரவுக்குத்தான். ஆனால் இன்ஸ்பெக்டரை நான் ஏசவும் ஏலாது. வன்னி வயலில் சூடடிக்கப் போன உன்னைக் கொண்டுபோனது எந்தக் காய்ச்சல்? நுளம்பு பொய்யென்று நான் எந்த வாயால் சொல்வேன்?

அப்போதுதான் உன் பைத்தியம் ஞாபகம் வந்தது. துரவுக்கரையில் குப்புறக் கிடந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாயே! தண்ணீரின் மேல் ஓடும் பூச்சி காலாலேயே அலையைக் கேட்கிறது என்று ஈர்க்கால் மெல்லத் தொட்டுக் காட்டினாய். ஊசித்தும்பியின் குஞ்சு தண்ணீருக்குள் இருந்து நுளம்புப் புழுவைத் தின்று வளர்கிறது என்றாய். அதையெல்லாம் ஒத்துக்கொண்டேன். மீன் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நின்றாலும் தண்ணீரின் மணத்திலேயே அந்தக் குஞ்சு அறிந்துவிடும் என்றாய் பார், அங்கேதான் நான் சிரித்தேன்.

"மூக்கு எங்கையடாப்பா அதுக்கு?"

"உமக்கு மூக்கு இருந்து என்ன கண்டனீர்? ஊசின கருவாட்டையும் வாங்கிக்கொண்டு வந்தனீர்தானே!"

அந்தக் கருவாட்டை நீ சாகும்வரை விடவில்லை.

துரவில் தும்பிக்குஞ்சு கிடக்கிறது, மீன் செய்கிற வேலையை அதுவே செய்யும், கண்ணுக்கு முன்னால் காட்டுகிறேன் என்று இன்ஸ்பெக்டரிடம் சவால் விட்டேன். அவரும் நல்ல மனிதர், சரியென்றார். அவர் கொண்டுவந்த மீன்குஞ்சுகள் அன்று என் கடையில்தான் தங்கின. தோடம்பழ இனிப்புப் போட்டு வைக்கும் கண்ணாடிப் போத்தலில் துரவுத் தண்ணீர் நிரப்பி விட்டிருந்தேன். தின்னுமோ என்று பார்க்க இரண்டு மூன்று தும்பிக்குஞ்சுகளையும் போட்டேன். போட்டதும் காணோம்.

மறுநாள் காலை துரவடியில் சனம் கூடியது. மீனை வாளிக்கு மாற்றிவிட்டு, அதே போத்தலில் பாசியோடு தும்பிக்குஞ்சுகளை விட்டு, நெளியும் நுளம்புப் புழுக்களை ஒரு சிரட்டையால் ஊற்றினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. குஞ்சுகள் பாசித் தண்டோடு தண்டாக ஒட்டிக்கொண்டு செத்ததுபோல் கிடந்தன. புழுக்கள் அவற்றின் மூஞ்சிக்கு முன்னாலேயே கூத்தாடின.

"என்ன முதலாளி, உம்மடை பட்டாளம் இன்னும் நித்திரையோ?" என்றார் இன்ஸ்பெக்டர். சனம் சிரித்தது. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு துரவுப் படியில் இறங்கவே தொடங்கிவிட்டார்.

பாக்கியம் மட்டும் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, இதென்ன தண்ணி?"

"நேற்று மீன் நிண்ட தண்ணிதான். நல்ல தண்ணியை ஆரும் வீணாய் ஊத்துவினமோ?"

"மீன் நிண்ட தண்ணியைக் குடுத்துச் சாப்பிடு எண்டால்? நானெண்டாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பன்!"

அவள் கோபத்தில் சொன்னாள். எனக்கோ உன் குரல் காதுக்குள் கேட்டது. இந்தத் தீவில் பிறந்தவன் நல்ல தண்ணீரை நிலத்தில் ஊற்றமாட்டான். அந்தப் பழக்கத்தால் உன் பேச்சுக்கு நானே சாட்சி பிடித்து வைத்திருக்கிறேன்! "ஐயா, நில்லுங்கோ!" என்று கத்திய கத்தில் கொக்கு எழும்பிப் பறந்தது.

மீன் வாசமே படாத இன்னொரு போத்தல். புதிதாக அள்ளிய துரவுத் தண்ணீர். துரவிலிருந்து வேறு குஞ்சுகள், அதே புழுக்கள். முதலாவது குஞ்சு மெல்லத் தலையைத் திருப்பியது. பிறகு, மச்சான், கீழ்த்தாடை மடக்குக்கத்திபோல் விரிந்து முன்னால் பாய்ந்தது! புழு வாய்க்குள். அடுத்தது, அதற்கு அடுத்தது. வாலில் இருக்கிற மூன்று இலைகளையும் ஆட்டிக்கொண்டு போத்தல் முழுக்க வேட்டை. சனம் தேர் பார்க்கிறதுபோல் நெருக்கியடித்தது.

அத்தோடு நான் விடுவேனா? மீன் நின்ற பழைய தண்ணீரில் ஒரு சிரட்டை எடுத்து ஓரமாக வார்த்தேன். மீன் இல்லை, நிழல் இல்லை, வெறும் தண்ணீர். வேட்டை மெல்ல மெல்ல அடங்கி நின்றது. நடந்துகொண்டிருந்த குஞ்சும் தூக்கிய காலோடு தண்டைப் பிடித்தது. வேட்டை நடக்கும் இன்னொரு போத்தலில் நல்ல தண்ணீரை வார்த்தும் பார்த்தோம். அதில் வேட்டை நிற்கவேயில்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, தன் கையாலேயே வேறு குஞ்சுகளை விட்டு மறுபடி செய்து பார்த்தார். மறுபடியும் அப்படியே!

குஞ்சுகள் ஏன் தப்பி ஓடவில்லை என்று கேட்டார். அது எனக்குத் தெரியும். சுங்கக்காரர் துறைமுகத்தில் இறங்கினால் ஓடுகிறவனைத்தான் பிடிப்பார். சாக்கின்மேல் பேசாமல் இருக்கிறவனை யார் பார்க்கிறார்? மீனின் கண்ணும் அசைகிற சாமானில்தான்.

இப்போதைக்குத் துரவு தப்பியது. இன்ஸ்பெக்டர் வந்து வந்து அள்ளிப் பார்ப்பார். நுளம்புப் புழு பெருகினால் மீன் இறங்கும். அதற்குப் பாக்கியமும் தலையாட்டிவிட்டாள். "அவரைக் கொண்டுபோன காய்ச்சல் வேறை ஒரு வீட்டுக்கும் வரக்கூடாது அண்ணை" என்றாள்.

ஆனால் ஒன்று என்னை விடமாட்டேன் என்கிறது. அந்தப் போத்தலில் மீன் மட்டுமா நின்றது? மீன் தின்ற தும்பிக்குஞ்சுகளும் அதற்குள்தானே முடிந்தன? மற்றவை அறிந்தது மீனின் மணத்தையா, செத்துப்போன தங்கள் இனத்தின் மணத்தையா? செத்தது விட்ட சேதி தண்ணீர் வழியாக உயிரோடிருப்பதற்கு எட்டுமா? நீ இருந்தால் இதற்கே ஒரு மாதம் சண்டை பிடித்திருப்போம். எனக்கு விடை தெரியாது. ஆனால் நீ எப்போதோ சொல்லிவிட்டுப் போனது அன்று துரவடியில் எனக்கு எட்டியது. அதனால் பாக்கியம் இன்றைக்கும் உன் துரவில் தண்ணீர் அள்ளுகிறாள்.

கோடையில் சோளகக் காற்றோடு துரவை இறைத்துத் துப்புரவாக்குவார்கள். போன வருடம்வரை சேற்றோடும் பாசியோடும் எல்லாவற்றையும் வழித்துக் கரையில் எறிவோம். இனி அப்படியில்லை. இறைக்கிற அன்று கடையைப் பூட்டிவிட்டு நானே இறங்குவேன். தும்பிக்குஞ்சுகளைப் பாசியோடு அள்ளி, மச்சம் படாத சட்டிகளில் துரவுத் தண்ணீரோடு வைத்து, ஊற்று ஊறியதும் திரும்ப விடுவேன். சட்டி நான் தெரிவு செய்யமாட்டேன், பயப்படாதே. அதைப் பாக்கியம் பார்த்துக்கொள்வாள்.

உன் பெண்சாதியின் தமையன்,
தோற்றதில் இவ்வளவு சந்தோசப்படும் உன் மச்சான்,
அம்பலவாணன்