டேப்பட் தேய்ந்தது, பழி என் காதுக்கு

மாமு,

என் மேசை மேல் இப்போது இரண்டு டேப்பட்கள் இருக்கின்றன. இரண்டுமே தேய்ந்தவை. ஒன்று, என் கார் எஞ்சினிலிருந்து கழற்றியதாகச் சொல்லி அந்தக் காலத்தில் நீ என் கையில் கொடுத்தது. மற்றது, நேற்று உன் தம்பி அதே எஞ்சினிலிருந்து நிஜமாகவே கழற்றியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தேன். நீ கொடுத்தது நெட்டை, தடி. வண்டியிலிருந்து வந்தது குட்டை, ஒல்லி. ஒன்றுவிட்ட சொந்தம் என்றுகூடச் சொல்ல முடியாது.

நீ செத்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் உன்னிடம் வண்டியை ரிப்பேருக்கு விட்டதில்லை.

அந்த வெள்ளைக் காரை நான் மூன்றாம் கையாக வாங்கியபோது, கன்டெய்னர் யார்டில் குமாஸ்தாவாக இருப்பவனுக்குக் கார் எதற்கு என்று தெருவே கேட்டது. டோலக்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் தொங்க முடியவில்லை என்று சொன்னேன். அது பாதி உண்மை. கல்யாண மண்டப வாசலில் கச்சேரிக்காரன் காரில் வந்து இறங்க வேண்டும் என்பது மீதி. திருவொற்றியூர்க் காற்றின் உப்பும் கரியும் சேர்ந்து, கொஞ்ச நாளிலேயே அந்த வெள்ளையை வெற்றிலை போடுகிறவனின் பல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. அதோடு ஒரு சத்தமும் வந்தது. டிக், டிக், டிக். எஞ்சினுக்குள் யாரோ உட்கார்ந்து நகம் வெட்டுவது போல.

நீ பானெட்டைத் திறந்து, தலையைச் சாய்த்துக் கேட்டாய். "டேப்பட்டு தேஞ்சிகினு கீது மாமு" என்றாய். டேப்பட் என்றால் என்ன என்று கேட்டேன். நீ சொன்ன விளக்கத்தை இதுவரை எத்தனையோ பேரிடம் என் சொந்தச் சரக்காக அவிழ்த்துவிட்டிருக்கிறேன்.

"உள்ள கேம் ஷாஃப்ட்டுனு ஒண்ணு சுத்திகினே இருக்கும். அத்த மாமியான்னு வெச்சிக்கோ. வால்வுன்றது கதவு. நடுவுல நிக்கிற மருமவதான் டேப்பட்டு. மாமியா இடிச்சா மருமவ போயி கதவத் தொறக்கணும். இடி வாங்கி வாங்கி மருமவ தேஞ்சிட்டான்னு வையி, லேட்டாப் போவா, டொப்புனு சாத்துவா. அந்த சவுண்டுதான் உனுக்குக் கேக்குது."

"இப்ப இன்னா பண்றது?"

"மருமவள மாத்தணும்."

என் மனைவி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். "உங்களுக்கெல்லாம் எப்பவும் மருமவளத்தான் மாத்தத் தோணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வண்டி உன் ஷெட்டில் ஒரு வாரம் கிடந்தது. திருப்பிக் கொடுத்த அன்று, பனியன் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தைப் பிரசாதம் கொடுப்பது போல இரண்டு கையாலும் நீட்டினாய். "மாத்துன பொருள கஸ்டமரு கையில குடுத்துடணும் மாமு. அதான் தொழில் தருமம்." துணியைப் பிரித்தேன். அடிப்பக்கம் குழி விழுந்த ஓர் இரும்புத் துண்டு. எவ்வளவு இடி வாங்கியிருக்கிறாள் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆபீஸில் காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைத்துக்கொண்டேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார் கதையைச் சொன்னேன்.

சத்தம் நிற்கவில்லை என்பது எனக்கு உடனே தெரியவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே போகும்போது கார் வெடித்தாலே கேட்காது. டிக் டிக் எங்கே கேட்கும்? ஒருநாள் காத்திவாக்கத்தில் இறால் வாங்கப் போனேன். வலை காய்ந்துகொண்டிருந்த அமைதியான தெரு. அங்கே கேட்டது. அதே நகம், அதே வெட்டு.

நேராக உன்னிடம் வந்தேன். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றாய். டாக்டர் தோற்றார். "இஞ்சினு வெண்ண மாதிரி ஓடுது மாமு" என்றாய். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, குரலைத் தணித்து, "உன் காதுலதான் இன்னாவோ கீது" என்றாய்.

நான் சண்டை போட்டேன். "சரி, நாலு பேரு முன்னாடி பாத்துடலாம் வா" என்று டீக்கடை வாசலுக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னாய். பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்தார்கள். என்னைத் திரும்பி நிற்க வைத்தாய்.

"இப்ப கேக்குதா?"

"கேக்குது."

"இஞ்சின ஆஃப் பண்ணிட்டேன். இப்ப?"

கேட்டது மாமு. சத்தியமாகக் கேட்டது. "கேக்குது" என்றேன்.

டீ மாஸ்டர்கூட வடிகட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்து ஷெட்டில் ஒருவர் நசுங்கிய கார்க் கதவைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது. உனக்குத் தெரியும். அந்தத் தட்டலுக்காகக் காத்திருந்துதான் நீ சாவியைத் திருப்பினாய் என்பது எனக்கு நேற்றுதான் உறைத்தது. தெருவில் என் பெயர் அன்றோடு 'டிக்டிக்' ஆயிற்று. 'டிக்டிக் வூடு எது?' என்று கேட்டால் கூரியர்காரனுக்கே வழி காட்டினார்கள்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு காது டாக்டரிடம் போனேன். காதில் எதையோ மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொன்னார். எங்கே ஒன்றைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயத்தில் அழுத்தினேன், அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சார், நான் இன்னும் மெஷினையே ஆன் பண்ணல" என்றார். அதற்குப் பிறகு சோதனை எங்கே உருப்படும்? பயம்தான் பெரிதாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். வீட்டில் வந்து சொன்னேன். "நான் கூப்ட்டா மட்டும் கேக்காது. இல்லாத சத்தமெல்லாம் கேக்குது" என்று என் மனைவி தீர்ப்பை முடித்துவிட்டாள்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். நானே சிரித்துத்தான் ஊரெல்லாம் சொன்னேன். கொருக்குப்பேட்டைக் கல்யாணத்தில்தான் சிரிப்பு நின்றது. மேடையில் உட்கார்ந்து டோலக்கை மடியில் வைத்த நிமிஷம், என் கையிலிருந்து வரும் அடி நிஜமா, காதுக்குள் மட்டும் அடிக்கிறதா என்று ஒரு சந்தேகம் வந்தது. தாளக்காரனுக்குச் சந்தேகம் வந்தால் அவ்வளவுதான். ஒவ்வொரு அடியும் கேட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்ததை அடித்தேன். பாட்டு முன்னால் போய்விட்டது; நான் அதைத் துரத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். பாடகர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார். "நைனா, நாங்க பாடறது ஒரு பாட்டு. நீ எந்தப் பாட்டுக்கு அடிக்கிற?"

வீட்டுக்கு வந்து டோலக்கைப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். குழுவில் கொஞ்ச நாள் கூப்பிட்டார்கள். பிறகு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். சோறு இல்லாமல்கூட இருந்துவிடலாம் மாமு. கல்யாண வீட்டில் வேறொருவன் டோலக் அடிக்க, நான் பந்தியில் உட்கார்ந்து சாம்பாருக்குக் கை நீட்டினேன் பார், அந்தச் சோறு இறங்கவில்லை. மற்ற எதில் தோற்றாலும் பரவாயில்லை, எனக்கென்று இருந்தது அந்த ஒரு கைதான். யார்டில் எவனுக்கும் என் பெயர் தெரியாது. மேடையில் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவார்கள்.

அந்தப் பந்தி முடிந்த சாயங்காலம் நீ என்னைக் கடற்கரைப் பாறைக்குக் கூட்டிப் போய், மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, முதுகைத் தடவினாய். "உடு மாமு. வயசாவுது இல்ல? காது, மூக்கு அல்லாம் ஒண்ணொண்ணா போவும். கம்முனு ரெஸ்ட்டு எடு." எவ்வளவு நல்லவன் என்று நினைத்தேன். அந்த பஜ்ஜி எதற்கு என்று இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் புரிகிறது.

போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஷெட்டிலேயே சாய்ந்தாய். தெருவில் அதிகமாக அழுதவன் நான். பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவன் நான். மாலை வாங்கியவன் நான்; சாமந்தி போதும் என்றார்கள், ரோஜாதான் வேண்டும் என்று பூக்கடையில் சண்டை போட்டேன். தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் உன் போட்டோவுக்குக் கீழே 'நேர்மையின் சிகரமே' என்று போடச் சொன்னதும் நான்தான். அச்சுக்கடைக்காரர், "வேற எதாச்சும் போட்லாமே சார்" என்று இழுத்தார். அவர் உன்னிடம் பைக் விட்டவர் என்று பிறகு தெரிந்தது.

நேற்றுக் காலை பால்காரர் கேட் அருகே நின்று, "இன்னா சார், உங்க வண்டி தாளம் போடுது?" என்றார்.

ஓடிப் போய் கேட்டைப் பிடித்தேன். "உனக்கும் கேக்குதா?"

"எனுக்கா? தெருவுக்கே கேக்குது சார். மீன் விக்கிற அம்மா வேற கேட்டுகினு இருந்திச்சி."

பால்காரரைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவர் கேனோடு பின்வாங்கிவிட்டார். அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு உன் ஷெட்டுக்குப் போனேன். இப்போது உன் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான், உனக்குத் தெரிந்திருக்கும். உன்னைப் போல வாய் கிடையாது. எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் மூடியைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தவன், அப்படியே நின்றான்.

"ண்ணா, இத்த யாரும் தொட்டதே இல்ல."

"உங்க அண்ணன் மாத்துனான்பா. டேப்பட்."

"போல்ட்டு மேல பெயிண்டு ஒடயாம கீது பாரு. ஒரு ஸ்பேனர்கூடப் பட்டது இல்ல."

யார்டுக்குத் தினமும் கூடவே கொண்டுபோய்வரும் உன் பிரசாதத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது வேனுதுண்ணா. உன் வண்டில இத்த வெக்கணும்னா சுத்தியால அடிச்சிதான் எறக்கணும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணன் மறந்துட்டிருக்கும்" என்றான். பாவம், ரத்தபாசம்.

மூடியைத் திறந்து, மேலிருந்து வரும் கம்பியை உருவி, ஒரு காந்தக் குச்சியை உள்ளே விட்டான். குழி விழுந்த டேப்பட் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. கடையிலிருந்து வரவழைத்த புதியதன் அடி கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. அதில் கிரீஸைத் தடவி இறக்கினான். மற்றதையெல்லாம் மாட்டி, மெல்லிய தகட்டை இடுக்கில் விட்டு இடைவெளி பார்த்துத் திருகினான். கேமும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆனால் தாங்கும் என்றான். சாவியைத் திருப்பினேன். டிக்கும் இல்லை, டக்கும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்ட வேலை மாமு. இதற்காகவா என் கையை முடக்கிப் போட்டாய்?

அப்போதுகூடச் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று நினைத்தேன். சோம்பேறித்தனத்தை என்னால் மன்னிக்க முடியும்; நானும் அந்த ஜாதி. ஒரு வார்த்தை முறையிட்டுவிட்டுப் போகலாம் என்று ஷெட்டுக்கு மேலே, என் வீட்டோடு சுவர் ஒட்டி நிற்கும் உன் வீட்டுக்கு ஏறினேன். உன் பெண்டாட்டி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஐய, அது உனுக்கு இத்தினி நாளாத் தெரியாதாண்ணா?"

"எது?"

"கடைல பார்ட்ஸு இல்ல, எத்தையோ குடுத்து அனுப்பிட்டு அப்பால மாத்திக்கலாம்னுதான் இருந்தாரு. நீ திரும்பி வந்து சத்தம் கேக்குதுன்னு நின்ன பாரு, அப்பதான் ஐடியா வந்திச்சாம். நாயித்துக்கெயம கறிசோறு துன்ட்டு அவரு படுப்பாரு. கரீட்டா செவுத்துக்கு அந்தாண்ட நீ டொம்மு டொம்முன்னு ஆரம்பிச்சிடுவ. நேராச் சொன்னா தோஸ்து மனசு நோவும்னு, காது மேல போட்டுட்டாரு."

"தங்கச்சி, மெய்யாலுமா?"

"நீ அத்தப் பரண்ல போட்ட அன்னிக்கு பிரியாணி வாங்கினு வந்தாருண்ணா. எனுக்கு மொத தபா ஃபுல் பிளேட்டு." முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டே, "நானும்தான் துன்னேன். பொய் சொல்லக் கூடாது" என்றாள்.

மனசு நோகக் கூடாது என்பதற்காகக் காதைப் பிடுங்கினாயா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் கட்டிலைச் சுவரோரத்திலிருந்து அந்தப் பக்கம் நானே நகர்த்திப் போட்டிருப்பேன். இல்லையென்றால் சண்டை போட்டிருப்போம்; ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்போம். தோஸ்து என்றால் அதற்குத்தானே? இரவெல்லாம் உன்னை என்ன செய்யலாம் என்று யோசித்தேன். செத்தவனை அடிக்க முடியாது. போலீசுக்குப் போக முடியாது. உன் தொழிலைக் கெடுத்தால் அது உன் தம்பியின் வயிற்றில் விழும். உன்னிடம் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்றுதான், தூக்கம். அதை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

இன்று ஞாயிறு. டோலக்கைப் பரணிலிருந்து இறக்கினேன். தோல் தொய்ந்து கிடந்தது. வெயிலில் காட்டி, கயிற்றை இழுத்துக் கட்டினேன். தெருவில் கறி வாசம் அடங்கியதும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு உன் வீட்டுப் படி ஏறினேன். உன் பெண்டாட்டி பார்த்தாள். உன் படத்துக்கு எதிரில் பாயைப் போட்டாள். "நல்லா அடிண்ணா. எனுக்கும் அந்த ஆளுகிட்ட கணக்கு கீது" என்றாள்.

விரல்கள் கட்டையாகிவிட்டன. முதல் அடியே கோணலாக விழுந்தது. ஆனால் விழுந்தது எனக்குக் கேட்டது மாமு, எந்தச் சந்தேகமும் இல்லாமல். ரொம்பக் கேவலமாக வாசித்தேன். அதுவும் நல்லதுதான், நன்றாக வாசித்து உன்னைத் தாலாட்டவா வந்தேன்? கொஞ்ச நேரம் கழித்து, நீ எழுந்து கெட்ட வார்த்தையில் திட்டுவதற்குத் தோதாக ஓர் இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். நீ திட்டவில்லை. நிறுத்தினது போதும் என்று இன்னும் பலமாக அடித்தேன். உன் பெண்டாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இனி ஒவ்வொரு ஞாயிறும் கறிசோற்றுக்குப் பிறகு வருவேன். இந்தக் கை பழையபடி மேடை ஏறும்வரை அதன் தப்புகளையெல்லாம் நீதான் கேட்டாக வேண்டும். உன் படத்தைச் சுவரில் மாட்டினது யார் என்று தெரியுமா? நான்தான். ரோஜா மாலையின் கனம் தாங்க வேண்டுமே என்று நல்ல நீள ஆணியாகப் பார்த்து அடித்திருக்கிறேன். கழன்று விழுந்து தப்பிக்கலாம் என்று நினைக்காதே.