கடைசிக் குழாயில் நல்ல தண்ணீர்

15.07 செவ்வாய்

கச்சான் காற்று. வாய் முழுக்கப் புழுதி. ஐந்தே முக்காலுக்கு ஊர்த் தண்ணீர்த் தாங்கிக்கு மோட்டார் போட்டேன். குளோரின் வழமையான அளவு. பிறகு சின்னக் குப்பியில் குழாய்த் தண்ணீர், குளோரின் இருந்தால் சிவக்கிற சோதனைக் குளிசை ஒன்று, குலுக்கிப் பார்த்தது:

தாங்கியடி – நல்ல சிவப்பு.
கடையடி – வெளிர்.
யோகா வீடு, குழாய் முடிகிற இடம் – நிறமே இல்லை.

நிறம் இல்லையென்றால் குளோரின் மருந்து அங்கே போய்ச் சேரவில்லை. குழாய்க்குள் படிந்த வழுவழுப்பு எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. கிருமிக்குக் கொண்டாட்டம். யோகாவின் குழந்தைக்கு ஏழு மாதம், நேற்றிலிருந்து வயிற்றோட்டம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடு என்றேன். "ஓம் அக்கா." ஓம் சொல்லக் காசா பணமா.

16.07 புதன்

மருந்தைக் கூட்டினேன். எட்டு மணிக்குள் தாங்கியடிச் செல்வராணி மாமி வாசலில்.

"தேத்தண்ணி வாயில வைக்கேலாது பிள்ளை. வயலுக்கு அடிக்கிற மருந்தையோ கலக்கிறீர்?"

அதற்கும் பெயர் மருந்து, இதற்கும் பெயர் மருந்து. எந்த வாயால் விளக்குவது. பிறகு தண்ணீர்ச் சங்கத் தலைவரின் போன்: "குறையுங்கோ. சனம் கத்துது." குறைத்தேன்.

மத்தியானம் யோகா வீட்டடியில் குழாய் கழுவும் வால்வைத் திறந்தேன். மஞ்சள் தண்ணீர், சளி மாதிரி. தெளிவதற்கு முதல் சைக்கிளில் போன ஒருவர்: "கிணறெல்லாம் வத்திக் கிடக்குது, நீங்கள் ரோட்டில ஊத்துறியளோ?" மூடிவிட்டேன். அழுகை வந்தது.

குளிசை முடியப்போகிறது. மகளின் பள்ளிச் சப்பாத்துக்குப் பூச வெள்ளை வாங்க வேண்டும்.

17.07 வியாழன்

யோகா குழந்தையோடு ஆஸ்பத்திரியில். சேலைன் ஏறுகிறதாம். அவள் வீட்டுக் குழாயடியில் ஆறு சைக்கிள், பெரிய பெரிய பிளாஸ்டிக் கான்கள். எல்லாம் தாங்கியடிச் சனம். செல்வராணி மாமியும்.

"இஞ்சதான் மருந்து மணக்கேல்லை. நல்ல தண்ணி."

மணக்காததுதான் பிரச்சினை என்றேன். குழந்தை ஆஸ்பத்திரியில் என்றும் சொன்னேன்.

"பல்லு முளைக்கேக்க வயித்தாலை போறதுதானே" என்றபடி கானை மூடினார்.

18.07 வெள்ளி

மோட்டார் நிற்பாட்டி வீட்டுக்கு வர ஏழே முக்கால். குசினியில் ஒரு கான். ஏது என்று கணவரைக் கேட்டேன்.

"யோகா வீட்டில நேற்றுப் பின்னேரம் எடுத்தனான். உம்மட தண்ணி குடிக்கேலாது எண்டு ஊரே சொல்லுது."

கான் தண்ணீரில் கடைசிக் குளிசை. குலுக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். நிறம் வரவில்லை. மகளின் போத்தல் எங்கே என்றேன்.

"அதில நிரப்பித்தான் குடுத்து விட்டனான்."

பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளை மிதித்தேன். போத்தலில் பாதிதான் இருந்தது.